கண்டிப்பு வேறு, தன்னிச்சை வேறு: ஓர் ஆசிரியரின் கடிதத்துக்குப் பதில்

கடிதம்: பதினாறு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்குப் புதிய முதல்வர் வந்தார். அன்றிலிருந்து கால அட்டவணை எப்போது மாறும் என்று யாருக்கும் தெரிவதில்லை. காலையில் பள்ளிக்குள் நுழைந்த பிறகுதான் அன்று எனக்கு எந்த வகுப்பு என்பதே தெரிகிறது. பாடம் நடக்கும்போது முன்னறிவிப்பின்றி உள்ளே வந்து மாணவர்கள் முன்னிலையிலேயே என்னைத் திருத்துகிறார். இரவு பத்து மணிக்கு மேல் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆணைகள் வருகின்றன. சென்ற பருவத்தில் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அடுத்த வாரமே, பத்தாண்டுகளாக நான் எடுத்துவந்த மேல்வகுப்பு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது, காரணம் சொல்லவில்லை. விடுமுறை முடியும் மாலையில் வயிற்றைப் பிசைகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முந்தைய முதல்வர் இவரைவிடக் கண்டிப்பானவர். அவர் காலத்தில் எனக்கு இப்படி இருந்ததில்லை. "வேலை என்றால் அனுசரித்துத்தான் போக வேண்டும்" என்கிறார்கள் வீட்டில். எனக்குத்தான் பக்குவம் போதவில்லையா? போன மாதம் ஒரு சின்னத் தவற்றுக்காக ஒரு மாணவனிடம் வகுப்பே அதிரும்படி கத்திவிட்டேன். தேதி போடாத பதவி விலகல் கடிதம் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

பக்குவம் போதவில்லையா என்ற உங்கள் கேள்விக்கான விடை, அந்தக் கேள்விக்குச் சற்று முன்பாக உங்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. முந்தைய முதல்வர் இவரைவிடக் கண்டிப்பானவர் என்றும், அவரிடம் பணியாற்றிய காலத்தில் உங்களுக்கு இந்த நிலை வந்ததில்லை என்றும் சொல்கிறீர்கள். பக்குவக் குறைவுதான் காரணம் என்றால் அது அவர் காலத்திலேயே வெளிப்பட்டிருக்க வேண்டும். அதே ஆசிரியர், அதே பாடம், அதே பள்ளி. அதிகாரம் கையாளப்படும் விதம் மாறியிருக்கிறது. எனவே உங்கள் குணத்தைப் பற்றிய விசாரணையை இத்துடன் நிறுத்திவிட்டு, மாறிய அந்த விதத்தைப் பார்ப்போம்.

கண்டிப்பான முதல்வரிடம் விதி முன்கூட்டியே தெரிந்திருக்கும். தாமதமாக வந்தால் என்ன நடக்கும், விடைத்தாள்களை எந்த நாளுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், பாடக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கும். அவரும் அதற்குக் கட்டுப்பட்டவராக இருப்பார். அந்த விதி நமக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் எதுவரை போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பது தெரிந்துவிடுவதால், மீதி நேரத்தில் மனம் பாடத்தின் பக்கம் திரும்பிவிடும். தன்னிச்சையாக நடத்தும் முதல்வரிடம் விதி என்பது அன்று காலை அவருடைய முகம் இருக்கும் விதம். நேற்றுப் பாராட்டப்பட்டது இன்று குற்றமாகும்; ஒருவருக்குக் கிடைத்த விடுப்பு அதே காரணத்துக்காக இன்னொருவருக்குக் கிடைக்காது. அடுத்து என்ன வரும் என்று கணிக்க முடியாதபோது மனம் எந்நேரமும் காவல் நிற்கத் தொடங்குகிறது. பாடம் நடத்தும்போதும் ஒரு காது வராந்தாவில் கேட்கும் காலடிச் சத்தத்தின் மேலேயே இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஆசிரியர்களில் பலரைச் சோர்வடையச் செய்தது வேலையின் அளவைவிட இந்த ஓயாத காவல்தான்.

இதற்கு ஆய்வு வழியிலும் ஆதாரம் உண்டு. வேலையின் சுமை மிகுதியாக இருப்பது மட்டுமே ஒருவரை நோயில் தள்ளுவதில்லை, சுமை மிகுந்து அதை எப்படிச் சுமப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் குறைந்துபோகும்போதுதான் அழுத்தம் ஆபத்தான அளவை எட்டுகிறது என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் எழுதினார். பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வுகளில், தம் வேலையின்மேல் தமக்குக் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆசிரியர் பணியை இந்தக் கண்ணாடியில் பாருங்கள். பாடத்திட்டத்தை வேறு யாரோ வகுக்கிறார்கள். தேர்வு நாளை வேறு யாரோ குறிக்கிறார்கள். வகுப்பில் எத்தனை பேர் என்பதும் நம் கையில் இல்லை. எந்தக் கணக்கை முதலில் எடுப்பது, யாரைக் கரும்பலகைக்கு அழைப்பது, புரியாதவனுக்காக எவ்வளவு நேரம் நிற்பது என்பவை மட்டுமே ஆசிரியருடைய சொந்த நிலம். அந்த நான்கு சுவர்களுக்குள்ளும் முன்னறிவிப்பின்றி ஒருவர் வந்து கையை வைத்தால், இழப்பு பார்ப்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும் இருந்ததில் பெரும்பகுதி அதுதான்.

பள்ளியில் அதிகாரம் பெரிய ஆணைகளில் தங்கியிருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பணிநீக்கம், சம்பளப் பிடித்தம் போன்றவை அரிதாக நடப்பவை. அவற்றுக்கு விதி உண்டு, கேள்வி கேட்க வழியும் உண்டு. அன்றாட அதிகாரம் கால அட்டவணையில் இருக்கிறது. யாருக்கு நாளின் கடைசிப் பாடவேளை, யாருடைய ஓய்வுப் பாடவேளைகள் துண்டு துண்டாகச் சிதறுகின்றன, விடுப்பில் போனவரின் வகுப்புக்கு எப்போதும் யார் அனுப்பப்படுகிறார், விழாப் பொறுப்பும் தேர்வு மேற்பார்வையும் யார் தலையில் விழுகின்றன, யாருடைய விண்ணப்பம் மேசையில் நான்கு நாள் கிடக்கிறது என்பனவற்றில் இருக்கிறது. இவற்றில் எதையும் தனியாக எடுத்துக்கொண்டு முறையிட முடியாது; "ஒரு பாடவேளைக்காகவா இவ்வளவு?" என்று கேட்டுவிடுவார்கள். நூறு சிறிய முடிவுகள் சேர்ந்து ஒருவரை நசுக்கும்போது, அவற்றில் ஒன்றுகூட அநீதி என்று பெயர் சொல்லும் அளவுக்குப் பெரியதாக இருக்காது. பாதிக்கப்பட்டவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குவது இதனால்தான். உங்கள் கேள்வியும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜான் பிரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்ற இரு சமூக உளவியலாளர்கள் 1959-இல் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி தரும் உரிமை, பரிசளிக்கும் ஆற்றல், தண்டிக்கும் ஆற்றல், துறை அறிவு, பிறர் தாமாக மதித்துப் பின்பற்றும்படி அமைந்த ஆளுமை. பிற்காலத்தில் ரேவன் தகவலைக் கையில் வைத்திருப்பதையும் இவற்றோடு சேர்த்தார். நீங்கள் விவரிப்பதிலிருந்து பார்த்தால், உங்கள் முதல்வர் முதல் மூன்றையும் தகவலையும் நம்பியே பள்ளியை நடத்துகிறார். அட்டவணையைக் காலைவரை வெளியிடாமல் வைத்திருப்பது திட்டமிடும் திறமைக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் தகவல் ஒருவரிடம் மட்டும் தேங்கும்போது மற்ற எல்லாரும் அவருடைய அறை வாசலில் காத்திருக்க வேண்டியதாகிறது, அந்தக் காத்திருப்பு சிலருக்குப் பிடித்துப் போய்விடுகிறது. பதவியும் தண்டனையும் உடனடியாக வேலை செய்யும். ஆசிரியர்கள் சொன்னதைச் செய்வார்கள். சொல்லாத எதையும் செய்ய மாட்டார்கள். ஒரு பள்ளியின் நல்ல காரியங்களில் பெரும்பாலானவை யாரும் சொல்லாமல் நடப்பவை என்பதால் இது விலை உயர்ந்த வெற்றி.

மேல்வகுப்பை எடுத்துக்கொண்டதை நான் சிறியதாகக் கருதவில்லை. ஆசிரியர்களிடையே எந்த வகுப்பு யாரிடம் இருக்கிறது என்பது எழுதப்படாத ஒரு மதிப்பெண் பட்டியல். பத்தாண்டுகள் ஒருவரிடம் இருந்த வகுப்பைப் பருவத்தின் நடுவில் காரணம் சொல்லாமல் மாற்றும்போது, மாணவர்கள் ஒரு காரணத்தைத் தாங்களே கற்பித்துக்கொள்கிறார்கள். சக ஆசிரியர்கள் வேறொன்றைக் கற்பித்துக்கொள்கிறார்கள். இரண்டும் உங்களுக்கு நன்மை செய்வதில்லை. அதைவிட முக்கியமாக, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: கேள்வி கேட்டால் வகுப்பு போகும். அடுத்த கூட்டம் மிக அமைதியாக நடந்திருக்கும், முதல்வர் அதை ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் ஆய்வு செய்தபோது, நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார். அந்தப் பிரிவுகளில் தவறு நடந்தால் வாய் திறந்து சொல்ல அச்சம் இல்லை என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். பள்ளிக்கும் இது அப்படியே பொருந்தும். எந்த மாணவன் பின்தங்குகிறான், எந்தத் திட்டம் தாளில் மட்டும் ஓடுகிறது என்ற செய்தி முதல்வரின் காதுக்குப் போகாத பள்ளியில், கடைசியாகத் தெரிந்துகொள்பவர் அவராகத்தான் இருப்பார்.

மாணவர்கள் முன்னிலையில் திருத்துவது இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஆசிரியர் சொல்வது சரி என்ற நம்பிக்கையின் மேல்தான் வகுப்பு நிற்கிறது. அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கப்படுவது. வாசலில் நின்றபடி ஒருவர் "இப்படியா நடத்துவது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார், அதன் பிறகு மீதமுள்ள நிமிடங்களை அந்த முகங்களுக்கு எதிரே கழிக்க வேண்டியவர் நீங்கள். அடுத்த முறை நீங்கள் புதிதாக எதையும் முயல மாட்டீர்கள். மாணவர்களைப் பேசவிட்டுச் சத்தத்தோடு நடக்கும் பாடத்தைவிட, அனைவரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் பாடம் பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுப்பீர்கள். அச்சத்தில் நடத்தப்படும் பாடம் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கும். திருத்தத்தின் உள்ளடக்கம் சரியாகவே இருந்திருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. வகுப்பைப் பார்வையிடுவது முதல்வரின் கடமைகளில் ஒன்று. பார்த்ததைத் தனியறையில், பாடவேளை முடிந்த பிறகு சொல்வதற்கு அவருக்கு எந்தத் தடையும் இல்லை என்பதால்தான், வாசலைத் தேர்ந்தெடுப்பது கேள்விக்குரியதாகிறது.

ஜோசப் பிளேஸ், ஜோ பிளேஸ் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள், முதல்வர்களால் நீண்டகாலம் மோசமாக நடத்தப்பட்ட ஆசிரியர்களிடம் விரிவாகப் பேட்டி எடுத்து, 2000-களின் தொடக்கத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் அந்த நடத்தைகளை மூன்று நிலைகளாக வகுத்தார்கள். கருத்தைப் பொருட்படுத்தாமை, தேவையானதைத் தராமை, சிலரைச் சலுகையோடு நடத்துதல், தனிமைப்படுத்துதல் ஆகியவை முதல் நிலை. வேவு பார்த்தல், வேலையைக் குவித்தல், இடைவிடாத குறைகூறல் போன்ற நேரடித் தாக்குதல்கள் இரண்டாம் நிலை. பொய் கூறுதல், மிரட்டல், நியாயமற்ற மதிப்பீட்டறிக்கை எழுதுதல், பணியிலிருந்து விலகச் செய்தல் ஆகியவை மூன்றாம் நிலை. நீங்கள் எழுதியவை முதல் நிலையிலும் இரண்டாம் நிலையின் வாசலிலும் இருக்கின்றன. மூன்றாம் நிலையைச் சேர்ந்த எதையும் உங்கள் கடிதத்தில் நான் காணவில்லை. உங்கள் துன்பத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்றாம் நிலையில் பேச்சுவார்த்தைக்கு இடம் குறைவு, உங்கள் நிலையில் இன்னும் இடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நான் கேட்டிருப்பது ஒருபக்கக் கதை என்பதும் என் நினைவில் இருக்கிறது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்த வரிக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, மாணவனிடம் கத்தியதை மட்டும் ஒரே வாக்கியத்தில், பதவி விலகல் கடிதத்துக்கு முன்னால் செருகியிருக்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்காமல், பணியிடத்தில் நீண்டகாலம் தீராமல் இருக்கும் அழுத்தத்தின் விளைவாக வரையறுத்திருக்கிறது. அதற்கு மூன்று முகங்கள் உண்டு: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் கசப்பு படிதல், தன்னால் இனி உருப்படியாக எதுவும் செய்ய முடியாது என்று தோன்றுதல். விழிப்பும் வயிற்றுப் பிசைவும் முதலாவதன் பக்கம் இருக்கின்றன. அந்தக் கத்தல் இரண்டாவதன் தொடக்கமாக இருக்கக்கூடும். மேலிருந்து இறங்கும் அழுத்தம் எங்காவது வெளியேற வேண்டும். முதல்வரிடம் கோபப்பட முடியாது, சக ஆசிரியரிடம் கோபப்பட்டால் திருப்பிக் கிடைக்கும், வீட்டில் ஏற்கனவே அறிவுரை காத்திருக்கிறது. அந்தக் கட்டடத்தில் உங்களைவிடக் குறைந்த அதிகாரம் உடையவர்கள் மாணவர்கள் மட்டுமே.

உங்கள்மேல் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. ஆனால் ஒரு முதல்வர் அதிகாரத்தைக் கையாளும் விதம் ஆசிரியரோடு நின்றுவிடுவதில்லை, வகுப்பின் கடைசி வரிசைவரை போய்ச் சேருகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. முதல்வர் வாசலில் நின்று உங்களுக்குச் செய்ததும், நீங்கள் அந்த மாணவனுக்குச் செய்ததும் ஒரே வடிவம்: மற்றவர்கள் பார்க்கும்படி, அளவுக்கு மீறி, பதில் பேச முடியாத ஒருவரிடம். அந்த மாணவனைத் தனியே அழைத்து, "அன்று நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, தவறு என்னுடையது" என்று மட்டும் சொல்லுங்கள். களைப்பு, பணிச்சுமை என்று விளக்கம் கூட்ட வேண்டாம். விளக்கம் கேட்கும் வயது அவனுக்கு இல்லை, அதைச் சுமக்கும் பொறுப்பும் அவனுடையது இல்லை. வகுப்பே கேட்கும்படி கத்தியிருந்ததால், வகுப்பு முன்னிலையிலும் ஒரு வாக்கியம் சொல்வது நல்லது. இதனால் உங்கள் மரியாதை குறையாது. இன்றைய நிலையில் உங்கள் கையில் முழுமையாக இருக்கும் ஒரே அதிகாரத்தை நீங்கள் விரும்பும் விதத்தில் பயன்படுத்தும் செயல் அது.

உங்கள் முதல்வரைப் பற்றியும் சில வார்த்தைகள். முதல்வர் பதவி, வெளியிலிருந்து நினைப்பதைவிடக் குறுகலான இடம். மேலே நிர்வாகம் தேர்ச்சி விழுக்காடு கேட்கும், புள்ளிவிவரம் கேட்கும், அதையும் நாளைக்குள் கேட்கும். இரவு பத்து மணிக்கு உங்கள் குழுவில் விழும் ஆணை, ஒன்பதரை மணிக்கு அவருக்கு வந்ததாக இருக்கலாம். புதிய இடத்துக்கு வரும் தலைவர் தனக்கு முன்பே வேரூன்றிய மூத்த ஆசிரியர்களைக் கண்டு உள்ளூரத் தயங்குவதும் உண்டு. அந்தத் தயக்கத்தை மறைக்கச் சிலர் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பதினாறு ஆண்டு அனுபவமுள்ள நீங்கள் கூட்டத்தில் கேட்ட கேள்வி, நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய சத்தத்தோடு அவருக்குக் கேட்டிருக்கக்கூடும். இதனால் அவர் செய்தது நியாயமாகிவிடாது. அச்சத்தால் இறுக்குபவருக்கும் இறுக்குவதை ரசிப்பவருக்கும் வேறுபாடு உண்டு என்பதும், முன்னவரிடம் பேசிப் பயனுண்டு என்பதும்தான் நான் சொல்ல வருவது. உங்கள் முதல்வர் இவர்களில் யார் என்பதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். தனியாக, மரியாதையோடு, ஒரு குறிப்பிட்ட வேண்டுகோளை வைத்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பது காட்டிவிடும்.

அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இரவு மூன்று மணி விழிப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதைப் பள்ளிப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்கக் கூடாது. அது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம், உடலில் வேறு காரணமும் இருக்கலாம். வாழ்வதில் பொருளில்லை என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தூக்கம் இல்லாதவர் எடுக்கும் முடிவுகளில் பதவி விலகலும் ஒன்று என்பதால், வரிசையில் இதுதான் முதலில் வருகிறது.

அடுத்து, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் கணினியிலோ பள்ளி கொடுத்த நாட்குறிப்பிலோ வேண்டாம். நாள், நேரம், நடந்தது என்ன, உடனிருந்தவர்கள் யார், அதனால் எந்தப் பாடம் எவ்வளவு தடைப்பட்டது என்று எழுதுங்கள். அகங்காரம், கொடுமை, பழிவாங்கல் போன்ற சொற்கள் அதில் வரக் கூடாது; அவை உங்கள் முடிவுகள், பதிவுகளாகா. இரண்டு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியவரும். நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக நடந்திருக்கலாம், அதிகமாக நடந்திருக்கலாம், அல்லது உங்களுக்கு மட்டும் நடக்காமல் எல்லாருக்கும் ஒரே விதமாக நடந்திருக்கலாம். மூன்றுக்கும் அடுத்த நடவடிக்கை வேறு வேறு. பழிவாங்கல் என்று நீங்கள் நம்புவது ஒழுங்கற்ற நிர்வாகமாகவே இருந்தால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

பிறகு முதல்வரிடம் நேரம் கேட்டுத் தனியாகப் பேசுங்கள். எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் கொட்டுவதுதான் நான் அதிகமாகக் காணும் தவறு. கேட்பவர் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு, அவற்றில் மிகப் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற அனைத்தையும் தள்ளிவிடுவார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வகுப்பில் திருத்துவதை எடுப்பேன். ஏனெனில் அதை மாற்றிக்கொள்ள அவருக்கு எந்தச் செலவும் இல்லை, எந்த விதியும் திருத்தப்பட வேண்டியதில்லை. "என் வகுப்பை எப்போது வேண்டுமானாலும் பாருங்கள். கவனித்ததைப் பாடவேளை முடிந்ததும் என்னிடம் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். மாணவர்கள் முன்னிலையில் சொல்லும்போது அந்தப் பாடவேளை முழுவதும் வகுப்பு என் கட்டுக்குள் வருவதில்லை" என்பதுபோல் பேசலாம். அனுமதியில் தொடங்கி, வேண்டுகோளை வைத்து, பாடத்தின் நலனில் நிற்கும் பேச்சு இது. அவர் ஒப்புக்கொண்டால் அன்று மாலையே நன்றி தெரிவித்து இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பேசியது எழுத்தில் இருப்பது இருவருக்கும் நல்லது. அது நிலைத்த பிறகு, அட்டவணை மாற்றங்களை முந்தைய நாள் மாலைக்குள் தெரிவிக்க முடியுமா என்று கேளுங்கள். மேல்வகுப்பைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, மாற்றியதன் காரணத்தையும், அடுத்த ஆண்டு வகுப்புகள் எந்த அடிப்படையில் பிரிக்கப்படும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வகுப்பு திரும்பி வராமல் போகலாம். ஆனால் அடிப்படையைச் சொல்ல வேண்டியிருக்கும் முடிவு, சொல்ல வேண்டியிராத முடிவைவிட நிதானமாக எடுக்கப்படும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. இரவில் ஒலியை நிறுத்திவையுங்கள், காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் படித்துப் பதில் போடுங்கள். இரவிலேயே பதில் வேண்டும் என்ற விதி உண்மையில் இருக்கிறதா அல்லது எல்லாரும் அஞ்சிப் போட்டுக்கொண்ட வழக்கமா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

சக ஆசிரியர்களைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். ஓய்வறைப் பேச்சு ஆறுதல் தரும், ஆனால் நாள்தோறும் அதே புலம்பலைச் சுற்றிவந்தால் கசப்பு கெட்டிப்படும். பேசியவற்றில் பாதி முதல்வரின் அறைக்கும் போய்ச் சேரும். பெயரில்லாத புகார்க் கடிதம் வேண்டவே வேண்டாம். அது எழுதியவர் யார் என்ற வேட்டையாக முடியும். இரண்டு மூன்று பேர் ஒரே பொருளை, எடுத்துக்காட்டாக அட்டவணையை, ஆசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் ஆகியோர் சிகாகோ பள்ளிகளில் ஆய்வு செய்து 2002-இல் எழுதியபோது, பெரியவர்களுக்கிடையே நம்பிக்கை நிலவிய பள்ளிகளில்தான் மாணவர்களின் கற்றலும் மேம்பட வாய்ப்பு அதிகமாக இருந்தது என்று காட்டினார்கள். தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிக் கவலைப்படும் முதல்வரிடம் உங்கள் நலனைப் பற்றிப் பேசுவதைவிட இந்த வழியாகப் பேசுவது எளிது.

பேச்சு பலனளிக்காவிட்டால் நிர்வாகத்திடமோ ஆசிரியர் சங்கத்திடமோ போகலாம். அப்போது குறிப்பேடு கையில் இருக்கும். யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை குறித்து 1966-இல் கொண்டுவந்த பரிந்துரையையும் ஒருமுறை படித்து வையுங்கள். அது ஏற்கப்பட்ட அக்டோபர் 5-ஆம் நாளைத்தான் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று வாழ்த்துகள் பறக்கின்றன, பரிந்துரையைப் புரட்டுவோர் குறைவு. மேற்பார்வை ஆசிரியருக்கு ஊக்கமும் உதவியும் தர வேண்டும், அவருடைய சுதந்திரத்தையும் முன்முயற்சியையும் பொறுப்பையும் குறைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மதிப்பீடு புறவயமாக இருக்க வேண்டும், ஆசிரியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், நியாயமற்றது என்று அவர் கருதினால் மேல்முறையீடு செய்ய உரிமை வேண்டும் என்றும் சொல்கிறது. அது சட்டத்தின் வலிமை உடையது அன்று. ஆயினும் நீங்கள் கேட்பது தனிப்பட்ட சலுகை இல்லை என்பதை எடுத்துக்காட்ட அது போதும்.

வீட்டில் சொல்லும் அனுசரிப்பைப் பற்றி: ஒருவருடைய முன்கோபத்தை, பேச்சுப் பாங்கை, வேலை செய்யும் வேகத்தை அனுசரிக்கலாம், நீங்கள் முந்தைய முதல்வரிடம் அதைத்தான் செய்தீர்கள். அடிக்கடி இடம் மாறும் எல்லைக்கோட்டை அனுசரிக்க எவராலும் முடியாது. வீட்டாரிடம் முதல்வரைப் பற்றிச் சொல்வதைக் குறைத்து, தூக்கத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய பதில் மாறும் என்று எதிர்பார்க்கிறேன்.

பதவி விலகுவது தோல்வி என்று நான் கருதவில்லை. சில பள்ளிகளிலிருந்து வெளியேறுவதுதான் மருந்து, அப்படி வெளியேறி வேறிடத்தில் நன்றாகக் கற்பித்துக்கொண்டிருப்பவர்களை அறிவேன். ஆனால் இந்தப் பருவம் முடியும்வரை அந்தக் கடிதத்தில் தேதி போட வேண்டாம். அதற்குள் மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள், குறிப்பேட்டில் சில பக்கங்கள் சேர்ந்திருக்கும், ஒரு வேண்டுகோளுக்காவது பதில் வந்திருக்கும். தூக்கம் திரும்பியும் வேண்டுகோள் மறுக்கப்பட்டிருந்தால், அல்லது கேட்டதற்காகவே இன்னொரு வகுப்பு போயிருந்தால், வேறு பள்ளிகளில் விசாரிக்கத் தொடங்குங்கள். அடுத்த வேலை உறுதியான பிறகு தேதி போடுங்கள். வாசலில் நின்று திருத்துவது நின்று, அட்டவணை முந்தைய மாலையே வரத் தொடங்கியிருந்தால், கடிதம் இழுப்பறையிலேயே இன்னொரு பருவம் இருக்கட்டும்.